சம்பளப் பட்டியலில் தோற்ற அரசு: காபூலில் கணக்குப் பார்த்த அனுபவம்

2009-இல் ஆப்கானிஸ்தான் தலைநகர் காபூலுக்கு வேலைக்குப் போனேன். சாலைப் பணியும் பள்ளிக் கட்டடங்களும் எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. பணம் அமெரிக்காவுடையது. மூல ஒப்பந்தம் ஒரு பெரிய வெளிநாட்டு கம்பெனியிடம். அவர்களிடமிருந்து சப் கான்ட்ராக்ட் எடுத்தவர்கள் எங்கள் முதலாளிகள், எங்களிடமிருந்து எடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அங்கே கொஞ்சம் படித்துவிட்டு மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் யாரையும் ‘இன்ஜினியர் சாஹிப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்கு எழுதிய எனக்கும் அதே பெயர்தான்.

இராக், சூடான், லிபியா என்று வேலை வந்திருக்கிறது, போகலாமா என்று என்னிடம் கேட்கும் தம்பிகள் முதலில் குண்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். 2009 அக்டோபரில் இந்தியத் தூதரகத்தின் வெளியே குண்டு வெடித்ததும், 2010 பிப்ரவரியில் இந்தியர்கள் தங்கியிருந்த விடுதிகளைத் தாக்கியதும் நான் அங்கே இருந்த காலத்தில் நடந்தவை. ஆனால் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கென்று வகுப்பே எடுக்கிறார்கள். பணத்தைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை. அமெரிக்க ஆதரவில் நடந்த காபூல் அரசாங்கத்தைச் சாய்த்ததில் குண்டைவிடப் பணத்துக்குத்தான் பங்கு அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன். சம்பள நாளிலும் சோதனைச் சாவடியிலும் கோர்ட் வாசலிலும் மக்கள் அந்த அரசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்தபோது உலகம் பார்த்தது அதன் கடைசிக் கட்டம்.

மஸ்டர் ரோல் என்கிற கூலிப் பட்டியலில் இருந்து தொடங்குகிறேன், என் வேலை அதுதான். பள்ளிக் கட்டட வேலைக்கு உள்ளூர் மேஸ்திரி அனுப்பும் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வேலை செய்த நாள், கூலி, கைநாட்டு என்று வரிசையாக இருக்கும். ஆபீஸ் மேஜையில் வைத்துப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. ஒருநாள் அந்தத் தாள்களை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு ஓடிய கட்டைவிரல் ரேகை பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருந்தது. பெயர்கள் வேறு வேறு, தழும்பு மட்டும் ஒன்றுதான். சைட்டுக்குப் போய்த் தலையை எண்ணினால் பட்டியலில் இருப்பதில் பெரும் பகுதி ஆட்களே இல்லை. இருப்பவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், தாளில் எழுதிய கூலி அவர்கள் கைக்கு வரவில்லை. அவர்களுடைய தஸ்கிரா, அதாவது அடையாளச் சீட்டு, மேஸ்திரியின் பெட்டிக்குள் இருந்தது. அது திரும்ப வேண்டுமானால் வாயைத் திறக்கக் கூடாது.

இதைச் சரிசெய்ய நாங்கள் எடுத்த வழி மிகச் சாதாரணமானது. பட்டியல் எழுதுபவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் வேறொருவர், ஆளைப் பார்த்து உறுதி செய்பவர் மூன்றாமவர். மூவரும் ஒரே ஊர்க்காரர்களாகவோ உறவுக்காரர்களாகவோ இருக்கக் கூடாது. சம்பள நாளை முன்கூட்டிச் சொல்வதில்லை. மேஜையைச் சைட்டிலேயே போட்டு, ஆளைக் கூப்பிட்டு, தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் கேட்போம். தஸ்கிராவில் இரண்டும் இருக்கும், வாடகைக்கு வந்தவனுக்குப் பாட்டன் பெயர் வராது. இன்றைய கூலி எவ்வளவு என்று எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நோட்டை எண்ணுவோம். இந்த உரக்கச் சொல்வதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வேலை செய்தது. தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்துவிட்டவனிடம் பாதியைப் பிடுங்குவது அவ்வளவு சுலபமில்லை.

எங்கள் சைட்டில் சின்ன அளவில் நடந்தது அரசாங்கத்துக்குள் பெரிய அளவில் நடந்துகொண்டிருந்தது. காபூலை ஒட்டிய மைதான் வர்தக் மாகாணத்தில் 2009-இல் ஒரு சோதனை முயற்சி செய்தார்கள். போலீஸ்காரர்களின் சம்பளத்தை மேலதிகாரி கையில் ரொக்கமாகக் கொடுக்காமல், ரோஷன் என்ற செல்போன் நிறுவனத்தின் எம்-பைசா சேவை மூலம் நேராக அவரவர் போனுக்கு அனுப்பினார்கள். பணம் வந்ததும் பலர் தங்களுக்குச் சம்பள உயர்வு கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். உயர்வு ஒன்றும் இல்லை. அதுவரை ஏறக்குறைய 30 சதவீதத்தை மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பட்டியலில் இருந்தவர்களில் பத்தில் ஒருவராவது ஆளே இல்லாத பெயர் என்பதும் அப்போதே வெளிவந்தது. ஒரு அதிகாரி தன் ஆட்களின் போன்களை வாங்கித் தானே பணத்தை எடுக்கப் பார்த்தார். ஆக, போனில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த சிம் யார் சட்டைப்பையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பல வருடம் கழித்து, 2015-இல் அமெரிக்கத் தணிக்கை அமைப்பான சிகார் எழுதிய அறிக்கையிலும் அதே கதைதான். வங்கி இல்லாத இடங்களில் ‘நம்பிக்கையானவர்’ என்று ஒருவரிடம் ரொக்கத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள், அதில் பாதிவரை வழியிலேயே போய்விட வாய்ப்பிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

சம்பளத்தில் கைவைக்கப்பட்ட போலீஸ்காரன் சாவடியில் நின்று லாரிக்காரனிடம் கைநீட்டுகிறான். இதைச் சொல்வதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, எங்கள் ஓட்டுநரே சொல்வார். வயதானவர், நாங்கள் எல்லோரும் ‘காகா’ என்று கூப்பிடுவோம். அகதியாகப் பெஷாவரில் இருந்தவர், அதனால் உருது தெரியும். எனக்குத் தெரிந்த இந்தியை வைத்து இருவரும் சமாளித்துவிடுவோம். காபூலுக்கு மேற்கே ஒரு சாவடியில் எங்கள் ஜல்லி வண்டிகளை நிறுத்தி மாமூல் கேட்பது வழக்கமாக இருந்தது. ஒருநாள் குளிரில் உதடு வெடித்து நின்ற ஒரு சின்னப் பையன், சீருடைச் சட்டை அவனுக்கு இரண்டு சைஸ் பெரிது, எங்களிடம் பணம் கேட்டான். காகா அவனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வண்டிக்குள் இருந்த ரொட்டியில் பாதியைக் கிழித்துக் கொடுத்தார். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லையாம். வண்டி நகர்ந்த பிறகு காகா சொன்னது நினைவிருக்கிறது: “இவன் கேட்டால் எனக்குக் கோபம் வரவில்லை, இன்ஜினியர் சாஹிப். ஆனால் என் பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்ப மாட்டேன். இந்த அரசுக்காக இவன் எதற்குச் சாக வேண்டும்?”

அந்த ஊரின் சரித்திரத்தில் சாவடிக்குத் தனி இடம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் காந்தஹார் சாலையில் சில மைலுக்கு ஒரு ஆயுதக் கும்பல் குறுக்கே சங்கிலி கட்டி வசூல் செய்துகொண்டிருந்தது. 1994-இல் தாலிபான் தலையெடுத்தபோது முதலில் செய்த காரியங்களில் ஒன்று அந்தச் சங்கிலிகளை அறுத்தது. லாரி உரிமையாளர்கள் அவர்களுக்குப் பணம் கொடுத்து ஆதரித்தார்கள். பெண்களை வீட்டுக்குள் அடைக்கும் கூட்டம், அதை நான் எந்த இடத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் மக்களில் ஒரு பகுதி ஏன் அவர்களைப் பொறுத்துக்கொண்டது என்பதற்கு அந்தச் சாலைதான் சாட்சி. 2010 வாக்கில் அதே சாலையில் வசூல் திரும்பவும் வந்திருந்தது, இந்த முறை அமெரிக்கப் பணத்தில். அமெரிக்க ராணுவத்துக்குச் சாமான் ஏற்றும் லாரி ஒப்பந்தத்தின் மதிப்பு 2.16 பில்லியன் டாலர். பாதுகாப்புக்கென்று லாரி முதலாளிகள் உள்ளூர் ஆயுதத் தலைவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள், காபூலில் இருந்து காந்தஹார் போக ஒரு லாரிக்கு 1,500 டாலர் வரை. அதில் ஒரு பங்கு தாலிபானுக்கே போயிருக்கலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று 2010 ஜூனில் அறிக்கை கொடுத்தது. எதிரிக்குப் பணம் கொடுத்து எதிரியோடு போரிடும் நிலை.

கோர்ட் விஷயம் இதைவிடக் கொடுமை. இரான், பாகிஸ்தானில் இருந்து அகதிகள் ஊர் திரும்பியபோது அவர்கள் நிலத்தில் வேறு யாரோ குடியிருந்தார்கள். வழக்குப் போட்டால் மனுவை எடுக்க ஒரு தொகை, தேதி கிடைக்க ஒரு தொகை, தீர்ப்புக்கு ஒரு தொகை. எதிராளி அதிகம் கொடுத்தால் எல்லாம் தலைகீழ். கிராமப்புறத்தில் தாலிபான் நடத்திய நீதிமன்றம் கடுமையானது, ஆனால் சில நாளில் தீர்ப்பு, லஞ்சம் வாங்கினால் தண்டனை என்று பெயர் எடுத்திருந்தது. தாலிபானைப் பிடிக்காதவர்களும் நில வழக்கை அங்கே கொண்டுபோனார்கள். வழக்கைக் கொண்டுபோகும் இடம்தான் மக்களுக்கு அரசு. கொடியும் கீதமும் அதற்குப் பிறகுதான் வரும்.

வெளிநாட்டுக்காரர்கள் சிலர் சாப்பாட்டு மேஜையில் ‘இது இவர்கள் கலாசாரம், மாற்ற முடியாது’ என்று பேசுவார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2010 ஜனவரியில் வெளியிட்ட கணக்கெடுப்பில் 59 சதவீதம் பேர் தங்களுடைய முதல் கவலை ஊழல் என்றார்கள். பாதுகாப்பின்மை 54 சதவீதத்தோடு அதற்குப் பின்னால்தான் வந்தது. குண்டு விழும் நாட்டில், குண்டைவிட லஞ்சம்தான் பெரிய தொல்லை என்று சொன்னார்கள். ஒரே வருடத்தில் அந்த ஏழை மக்கள் கொடுத்த லஞ்சம் சுமார் 2.5 பில்லியன் டாலர் என்று அந்த அறிக்கை கணக்கிட்டது. கலாசாரமாக இருந்தால் எதற்கு இவ்வளவு வேதனைப்பட வேண்டும்? நம் ஊரில் பட்டா மாற்றப் போனவர்களுக்கு அந்த எரிச்சல் புரியும்.

காபூல் வங்கி சரிந்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர், போலீஸ், சிப்பாய் எனப் பல அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் அந்த வங்கி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. 2010 செப்டம்பர் தொடக்கத்தில், ரமலான் பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தபோது, வங்கி மூழ்குகிறது என்ற செய்தி பரவியது. கிளைகளின் முன்னால் கூட்டம். நான் பார்த்த வரிசையில் ஒரு பள்ளி ஆசிரியர், பாஸ்புக்கைச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளுக்குப் பெருநாள் துணி எடுக்க வேண்டும் என்றார். முன்னால் துப்பாக்கியோடு காவலர்கள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், அவர்களுடைய சம்பளமும் அதே வங்கியில்தான்.

பிறகு வந்த விசாரணையில் தெரிந்தது இது. தவறான வழியில் போன பணம் ஏறக்குறைய 935 மில்லியன் டாலர். கடனில் 92 சதவீதத்துக்கு மேல் வெறும் 19 நபர்களுக்கும் நிறுவனங்களுக்கும் போயிருந்தது. தலைவர் ஷேர்கான் ஃபர்னூத், நிர்வாகி கலீலுல்லா ஃபெரோஸி. பங்குதாரர்களில் அதிபர் ஹமீத் கர்சாயின் அண்ணன் மஹ்மூத் கர்சாயும், துணை அதிபர் ஃபஹீமின் சகோதரரும் இருந்தார்கள். இல்லாத கம்பெனிகளின் பெயரில் கடன் எழுதி, துபாயில் கடலோர வீடுகள் வாங்கினார்கள். மத்திய வங்கி ஆளுநர் அப்துல் காதிர் ஃபித்ரத் நாடாளுமன்றத்தில் பெயர்களைச் சொன்னார். 2011 ஜூனில் உயிருக்கு ஆபத்து என்று அமெரிக்காவுக்கே போய்விட்டார். 2013-இல் ஃபர்னூத்துக்கும் ஃபெரோஸிக்கும் ஐந்து வருடச் சிறை. அரசுகள் பணத்தைப் போட்டு வங்கியைத் தாங்கின, அந்த ஆசிரியருக்குச் சேமிப்பு திரும்பக் கிடைத்திருக்கும். ஆனால் அந்த வரிசையில் நின்றபோது அவர் தெரிந்துகொண்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

வங்கி சரிந்ததற்கு முந்தைய வருடம், 2009-இல், அதிபர் தேர்தலில் கள்ள ஓட்டு என்று கர்சாயின் ஓட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் புகார் ஆணையம் தள்ளுபடி செய்திருந்தது. மறுசுற்று நடக்காமலே அவர் மீண்டும் அதிபரானார். 2010 ஜூலையில் லஞ்சக் குற்றச்சாட்டில் கைதான அதிபர் மாளிகை அதிகாரி ஒருவர் அதிபரின் தலையீட்டால் அன்றே வெளியே வந்தார். எங்கள் ஆபீசில் அன்று யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நன்றாக நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. 2003-இல் தொடங்கிய தேசிய ஒருமைப்பாட்டுத் திட்டத்தில் கிராமமே ஒரு சபையைத் தேர்ந்தெடுக்கும். குடும்பத்துக்கு 200 டாலர் வீதம், ஒரு கிராமத்துக்கு அதிகபட்சம் 60,000 டாலர். கிணறா, சிறு பாலமா, மின்சாரமா என்று சபை முடிவு செய்யும். வந்த பணம், செலவான பணம் இரண்டையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிப் போட வேண்டியிருந்தது. பர்வான் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளிவாசல் சுவரோரம் அப்படி ஒரு பலகை பார்த்தேன். சிமெண்ட் எத்தனை மூட்டை, மூட்டை என்ன விலை, லாரி வாடகை எவ்வளவு என்று கையால் எழுதியிருந்தது. ஒரு பெரியவர் கைத்தடியை அந்தச் சிமெண்ட் விலையில் வைத்து, “பஜாரில் இதைவிடக் குறைவு” என்று சபைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என் பார்வையில் அந்த நாட்டில் அரசு என்ற ஒன்று உயிரோடு இருந்த இடம் அதுதான். அத்திட்டத்திலும் குறைகள் உண்டு, பெரும்புள்ளிகள் சபையைப் பிடித்த ஊர்களும் உண்டு. இருந்தாலும் தொகை தெரிந்தவன் கேள்வி கேட்பான்.

உக்ரைனைப் பார்க்கும்போதும் இதே நினைப்புத்தான் வருகிறது. அங்கே ஊழல் குறைவு என்று சொல்ல வரவில்லை. 2023-இல் ராணுவத்துக்கு முட்டை ஒன்று 17 ஹிரிவ்னியாவுக்கு (உக்ரைன் பணம்), கடை விலையைவிட மிக அதிகமாக, வாங்கியதாக ஒப்பந்தத்தில் இருப்பதைப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த வருடமே பாதுகாப்பு அமைச்சர் பதவி போனது. 2025 ஜூலையில் ஊழல் தடுப்பு அமைப்புகளின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் வந்தபோது, ஏவுகணை விழும் நகரங்களில் மக்கள் அட்டையில் எழுதிப் பிடித்துத் தெருவுக்கு வந்தார்கள். பத்து நாளுக்குள் நாடாளுமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ‘போர் முடியட்டும், ஊழலைப் பிறகு பேசலாம்’ என்பவர்களுக்கு அந்தப் பத்து நாள் பதில் சொல்கிறது. காபூலில் அந்த ‘பிறகு’ வரவே இல்லை. 2021-இல் பல சாவடிகளில் சிப்பாய்களுக்குச் சம்பளமும் சாப்பாடும் போய்ச் சேரவில்லை, அவர்கள் துப்பாக்கியை வைத்துவிட்டு நடந்துவிட்டார்கள். காகிதத்தில் மூன்று லட்சம் பேர் இருந்த படையில் பெரும்பாலோர் ஆளே இல்லாத பெயர்கள் என்று முன்னாள் நிதி அமைச்சர் காலித் பயெந்தா பிற்பாடு பிபிசியிடம் சொன்னார். செய்தியைக் கேட்டபோது ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்த அந்தத் தாள்கள்தான் எனக்குள் ஓடின.

இனி, போகப்போகிற தம்பிகளுக்கு. உங்கள் கம்பெனி எத்தனையாவது கை என்று வேலைக்குச் சேருமுன் கேளுங்கள். ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்த பிறகு, கடைசியில் மண்வெட்டி பிடிப்பவனுக்கு என்ன போகிறது என்று அங்கே போனபின் நேரில் விசாரியுங்கள். நான்கு கைக்கு மேல் போனால் சுவரில் சிமெண்ட் இருக்காது. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று மேலே இருந்து நெருக்கினால், அந்த மாதத்து பில்களை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். நான் பார்த்த மோசமான வவுச்சர்கள் அந்த அவசரத்தில் வந்தவை. சாவடியில் பணம் கேட்டால் ஓட்டுநர் தன் பையிலிருந்து கொடுத்துவிட்டு டீசல் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். இடம், நேரம், கேட்ட தொகை எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் அப்படி எழுதியதை வைத்து மேலே புகார் போனபிறகு, அந்த ஒரு சாவடியில் கொஞ்ச காலம் தொல்லை நின்றது. நிரந்தரமாக நிற்கவில்லை, ஆனாலும் வண்டிகள் ஓடின. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இதைவிட முக்கியமானது உங்கள் ஆபீசில் இருக்கும் உள்ளூர்க்காரர்கள். கைநாட்டு விஷயத்தை முதலில் என் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் எங்கள் பிரிவில் இருந்த ஒரு காபூல் இளைஞர். ஆபீசுக்குள் சொல்லவில்லை, வண்டியில் போகும்போது சொன்னார். “என் பெயர் எங்கேயும் வரக் கூடாது சாஹிப். நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், நான் இந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும்” என்றார். அவர் பெயரை மின்னஞ்சலில் எழுதவில்லை, கூட்டத்தில் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தாளை நானே கண்டுபிடித்ததாகத்தான் கோப்பில் இருக்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். புகார் சொல்ல நாட்டுக்கு வெளியே ஒரு வழி இருக்கிறதா, சொன்ன உள்ளூர் ஊழியருக்கு ஆபத்து வந்தால் குடும்பத்தோடு வேறிடம் கொண்டுபோக கம்பெனி செலவு செய்யுமா என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். உங்களுக்கான விமான டிக்கெட், இன்ஷூரன்ஸ் பற்றி ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். உள்ளூர் ஊழியரைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள், தர மறுத்தால் வேறு கம்பெனி பாருங்கள்.